பாஸ் சொல்லத் தயங்கிய மாமியார்

அத்தியாயம் ஏழு

"எங்க அம்மா திருடியா, இல்ல எங்க வீட்டுக்காரர் திருடரா? இன்னிக்கு ஆறு மணிக்குள்ள எனக்குத் தெரிஞ்சாகணும்."

நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே அந்தப் பெண் கேட்ட கேள்வி இது. துப்பறியும் நிலையத்துக்கு எத்தனையோ பேர் வந்து எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். அம்மாவையும் புருஷனையும் ஒரே தராசில் இரண்டு தட்டாக வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தவள் இவள் ஒருத்திதான்.

"ரெண்டு பேருமா இருந்தா கட்டணத்துல தள்ளுபடி உண்டு" என்றான் உதவியாளன். அவனுக்குப் பட்டப்பெயர் 'வாய்'. வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. இதுவரை பார்த்த நான்கு வேலைகளையும் வாங்கிக் கொடுத்தது அந்த வாய்தான், பிடுங்கிக்கொண்டதும் அதேதான். ஐந்தாவது வேலை மட்டும் எப்படியோ நிலைத்துவிட்டது. காரணம் அவன் முதலாளியம்மாளின் பொறுமை. அவரை அவன் 'பாஸ்' என்றுதான் கூப்பிட வேண்டும். மேடம் என்றால் பள்ளிக்கூட ஞாபகம் வருகிறதாம். அம்மா என்றால் அப்புறம் இவனுக்குச் சோறும் போட வேண்டியிருக்குமாம்.

பாஸ் அவனை ஒரு பார்வை பார்த்தார். வாய் மூடிக்கொண்டது. வந்தவள் அழுகையும் ஆத்திரமுமாகக் கதையைக் கொட்டினாள்.

அவள் புருஷன் பல் டாக்டர். அப்பா போன பிறகு அம்மாவும் இவர்களுடனேயே இருக்கிறார். மாமியாரும் மருமகனும் வீட்டில் தேவைக்குமேல் ஒரு வார்த்தை பேசிக்கொள்ள மாட்டார்கள். ஆனால் கிளப்பில் பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் இருவரும் ஒரே ஜோடி. போன ஞாயிற்றுக்கிழமை, கோப்பைக்கான ஆட்டத்தில் கிளப் தலைவரையே தோற்கடித்துவிட்டார்கள். தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. தோற்ற மறுநாளே புகார் கொடுத்தார்: ஏலம் கேட்கும்போது மாமியார் சட்டென்று 'பாஸ்' சொல்லாமல் தயங்கித் தயங்கிச் சொல்கிறார், அது மருமகனுக்குச் சமிக்ஞை, அம்மா தயங்கிய போதெல்லாம் மருமகன் துணிந்து ஏலத்தை ஏற்றுகிறார், ஏற்றிய போதெல்லாம் ஜெயிக்கிறார். விசாரணை இன்று மாலை ஆறு மணிக்கு. குற்றம் உறுதியானால் இரண்டு பேரையும் நீக்கி, பெயரை வாசல் பலகையில் எழுதிப் போடுவார்கள்.

"கிளப்ல இருக்கறவங்க பல்லுதான் பாதி எங்க வருமானம்" என்றாள். "அது போனாப் போகட்டும். அம்மா பெட்டியைக் கட்டிட்டாங்க. ராத்திரி ரயிலுக்குச் சித்தி வீட்டுக்குப் போறாங்க. போனா திரும்பி வர மாட்டாங்க. எனக்கு எங்க அம்மாவைத் தெரியும்."

இதில் இன்னொரு கூத்து. அம்மா மகளைத் தனியாகக் கூப்பிட்டு, உன் புருஷன் என் சீட்டை எட்டிப் பார்க்கிறார் என்று நினைக்கிறேன் என்றாராம். புருஷன் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு, உங்கம்மா ஜாடை காட்டுகிறார்கள் போலிருக்கிறது, நான் கேட்கவே இல்லை என்றாராம். ஆனால் கமிட்டி கேட்டபோது இருவரும் வாயே திறக்கவில்லை. ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்க மனமில்லை. நடுவில் இவள், இருதலைக் கொள்ளி எறும்பாக.

டாக்சியில் போகும்போது பாஸ் ஆட்டத்தை விளக்கினார். நான்கு பேர், எதிரெதிரே உட்காருகிறவர்கள் ஜோடி. விளையாடுவதற்கு முன் ஏலம். இத்தனை சுற்று ஜெயிப்பேன் என்று ஒருவர் கேட்பார், அடுத்தவர் ஏற்றுவார், முடியாதவர் பாஸ் சொல்வார். ஏலத்துக்கான வார்த்தைகளைத் தவிர வேறு எதுவும் வாயிலிருந்து வரக்கூடாது. இருமக்கூடாது, பெருமூச்சு விடக்கூடாது, புருவத்தைத் தூக்கக்கூடாது. எல்லா ஏலத்தையும் ஒரே வேகத்தில், ஒரே குரலில் சொல்ல வேண்டும். ஏனென்றால் ஒருவர் தயங்கினாலே, யோசிக்கிற அளவுக்குக் கையில் ஏதோ இருக்கிறது என்று ஜோடிக்குத் தெரிந்துவிடும்.

வாய் கொஞ்ச நேரம் யோசித்தான்.

"அதாவது, மனசுல இருக்கறதை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. ஆனா எதிர்ல இருக்கறவர் புரிஞ்சுக்கணும். புரிஞ்சுக்கலேன்னா சண்டை. இதுக்குப் போய் பிரிட்ஜுன்னு பேர் வெச்சிருக்காங்களா பாஸ்? நாங்க இதைக் குடும்பம்னு சொல்வோம்."

கிளப்பின் சீட்டறை கோயில் கருவறையைவிட அமைதியாக இருந்தது. பச்சைத் துணி விரித்த மேஜைகள். சீட்டு பறக்காதபடி மெல்லச் சுற்றும் மின்விசிறிகள். சுவரில் பழைய தலைவர்களின் படங்கள், ஒவ்வொருவர் முகத்திலும் பல்வலிக்காரரின் களை. மற்ற கிளப்புகளில் ஏலத்தை அட்டையில் எடுத்து வைக்கும் பழக்கம் வந்து வெகுநாளாகிவிட்டது. இங்கே வாயால்தான். குரல்தான் கனவானின் அடையாளம் என்பது நீதிபதியின் கொள்கை. அவர் வைத்ததுதான் இங்கே சட்டம்.

நீதிபதியே வாசல்வரை வந்து வரவேற்றார். மேலுதட்டில் முளைத்துக் கீழுதட்டையும் ஆக்கிரமித்துக்கொண்ட மீசை. புகார் கொடுத்தவர் அவர், விசாரிக்கப் போகிறவர் அவர், தீர்ப்புச் சொல்லப் போகிறவரும் அவர். தூக்குக் கயிறு மட்டும் கிளப்பில் இல்லாததால் வெளியிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கும் என்று வாய் பாஸிடம் முணுமுணுத்தான். குற்றம் நிரூபணமாகும் வரை எவரும் நிரபராதியே என்றும், ஆகவே ஆறு மணிவரை அவர்கள் ஆடத் தடையில்லை என்றும் நீதிபதி பெருந்தன்மையோடு அறிவித்தார். அவர்களோடு தானே ஆடப்போவதாகவும், கண் இருப்பவர்கள் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

மேஜையில் நால்வரும் உட்கார்ந்தார்கள். நீதிபதிக்கு எதிரே அவருடைய ஜோடி, வழவழவென்று சவரம் செய்த இன்சூரன்ஸ் அதிகாரி. நீதிபதிக்கு அடுத்து மாமியார். வெள்ளைச் சேலை, நிமிர்ந்த முதுகு, காலடியில் கட்டிய பெட்டி. அவருக்கு எதிரே பல் டாக்டர், தன் நாற்காலியில் தானே நோயாளியாக மாட்டிக்கொண்டவர் போல.

புகார் பொய் இல்லை. வாய் தன் கண்ணாலேயே பார்த்தான். நீதிபதி ஏதோ ஏலம் கேட்டார். மாமியாரிடமிருந்து சத்தமில்லை. சீட்டைப் பார்த்தார், இன்சூரன்ஸ்காரர் முகத்தைப் பார்த்தார், மருமகன் முகத்தைப் பார்த்தார். ஒரு கொட்டாவி விட்டு முடிக்கும் நேரம் கழித்து 'பாஸ்' என்றார். இன்சூரன்ஸ்காரரும் பாஸ். பல் டாக்டர் துணிந்து ஏற்றினார், அள்ளினார். அடுத்த ஆட்டத்திலும் அதே கதை. கேஸ் கந்தல் என்று வாய் முடிவுகட்டிவிட்டான்.

அப்போதுதான் அந்த விபத்து நடந்தது. பக்கத்து அறையில் டீ வந்துவிட்டதை ஜன்னலோரமாக நின்ற வாய் பார்த்தான். நல்ல செய்தியை மறைத்து வைப்பது அவன் பிறவியிலேயே இல்லை.

"பாஸ்" என்று குரல் கொடுத்தான்.

அறையே கலகலத்துப் போனது. ஒரு மேஜையில் யார் பாஸ் சொன்னது என்று அடிதடி. இன்னொன்றில் முறை தவறி ஏலம் கேட்டுவிட்டார்கள். இன்சூரன்ஸ்காரர் கையிலிருந்த சீட்டைத் தவறவிட்டார். பல் டாக்டர் எழுந்தே நின்றுவிட்டார். நீதிபதி உடம்போடு திரும்பி, வாயை ஆயுள் தண்டனைக் கைதியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். மாமியார் மட்டும் அசையவில்லை. மருமகன் எழுந்து நிற்பதைக் கண்ட பிறகுதான் நிதானமாகத் தலையைத் திருப்பினார். அம்மாடி, என்ன நெஞ்சழுத்தம் என்று வாய் வியந்தான்.

பாஸ் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டார். பிறகு, அதிசயமாக, வாயின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். அது திட்டா பாராட்டா என்று அவனுக்குப் புரியவில்லை.

டீ இடைவேளையில் மாமியார் வாயோடு வெகு சகஜமாகப் பேசினார். அவன் கேட்ட ஒவ்வொன்றுக்கும் முகத்தையே பார்த்துக்கொண்டு பதில் சொன்னார், ஜோக்குக்குச் சிரித்தார். அவன் பிறந்ததிலிருந்து ஒரு பெண் அவன் பேச்சை இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. ஆனால் பாஸ் பின்னாலிருந்து இரண்டு முறை ஏதோ கேட்டபோது அந்த அம்மாள் திரும்பக்கூட இல்லை. ஆளைப் பார்த்துத்தான் மரியாதை கொடுக்கிறார்கள் என்று வாய்க்குப் பெருமை தாங்கவில்லை. பாஸிடமே சொல்லிக்காட்டினான். பாஸ் கோபித்துக்கொள்ளவில்லை. சித்தி வீட்டுக்குப் போகிற ரயில் எத்தனை மணிக்கு என்று மட்டும் மகளிடம் விசாரித்தார்.

பிறகு பல் டாக்டரை வராந்தாவுக்குக் கூப்பிட்டுப் போனார். எதை வைத்து ஏலத்தை ஏற்றுகிறீர்கள் என்று நேராகவே கேட்டார். அவர் மென்று விழுங்கினார். தெரியாது என்றார், ஏதோ தோன்றுகிறது என்றார். அத்தை தயங்குவதை வைத்து இல்லையே என்றதற்கு, சத்தியமாக இல்லை, அதைத் தான் கவனித்ததே புகார் வந்த பிறகுதான் என்றார். சீட்டை எடுத்தால் காது மட்டும் எதையோ கேட்டுவிடுகிறது, என்னவென்று சொல்லத் தெரியவில்லை.

"உங்க தொழில்லயும் அப்படித்தானா?" என்றார் பாஸ்.

பல் டாக்டர் முதல் தடவையாகச் சிரித்தார். "வலிக்குதான்னு கேட்டா யாருமே வலிக்குதுன்னு சொல்ல மாட்டாங்க. நிஜமாவே வலிக்காதவன் சத்தமா சொல்வான். வலிக்கறவன் சொல்றப்போ குரல் ஒரு படி இறங்கிடும். ஊசியை நிறுத்திடுவேன்."

சொல்லி முடித்தவர் தன் வார்த்தையைத் தானே கேட்டதுபோல நின்றுவிட்டார். பாஸ் அவரைத் தோளில் தட்டி உள்ளே அனுப்பிவிட்டு வாயிடம் வந்தார்.

"உனக்கு பிரிட்ஜ் தெரியாதுங்கறது இன்னிக்குத்தான் உபயோகப்படப் போகுது. வீட்டம்மாகிட்ட நீ பொய் சொல்றப்போ உன் குரல் எங்க போகும்?"

"கிணத்துக்குள்ள போகும் பாஸ்."

"போதும். வா."

ஆறு மணிக்கு விசாரணை. கமிட்டி உறுப்பினர்கள் நாலைந்து பேர் வரிசையாக உட்கார்ந்தார்கள். நீதிபதி தொண்டையைச் செருமிக்கொண்டு, நாகரிகம், நன்னடத்தை, கனவான்களின் ஆட்டம் என்று ஒரு சொற்பொழிவு ஆற்றினார். நடுவில் இரண்டு இடத்தில் அவர் குரலே தழுதழுத்தது. முடிந்ததும் பாஸ் எழுந்து கும்பிட்டார். தாங்கள் பாமரர்கள், தப்பான ஏலம் எது என்று புரிய வேண்டுமானால் சரியான ஏலத்தை ஒருமுறை கண்ணால் பார்க்க வேண்டும், ஐயாவைவிட அதற்குத் தகுந்தவர் யார் என்றார். ஐயா குளிர்ந்து போனார். பாராட்டு என்றால் பாறையும் உருகும், மீசை எம்மாத்திரம்.

மேஜை போடப்பட்டது. நீதிபதி கமிட்டியைப் பார்த்தபடி. அவர் முதுகுக்குப் பின்னால், ஜன்னலோரம், தெருவைப் பார்த்தபடி வாய். நீதிபதிக்கு அவன் தெரியமாட்டான், அவனுக்குச் சீட்டு தெரியாது. கமிட்டிக்கு மட்டும் அவன் முதுகும் கையும் தெரியும்.

நீதிபதி சீட்டை எடுத்து ஏலம் கேட்டார். கணீரென்ற குரல். வாய் தெருவைப் பார்த்தபடியே கட்டைவிரலை மேலே தூக்கினான். பாஸ் சீட்டைக் காட்டச் சொன்னார். ராஜாவும் ராணியுமாகக் கொழித்த கை. அடுத்த தடவை ஏலம் கொஞ்சம் அடங்கி வந்தது. வாய் கட்டைவிரலைக் கீழே கவிழ்த்தான். சீட்டைத் திருப்பினால் துக்கடாக்கள்; எதிராளியை மிரட்டுவதற்காக நீதிபதி கேட்ட வெற்று ஏலம். மறுபடி கணீர், கட்டைவிரல் மேலே, கை நிறையப் படம். மறுபடி முணுமுணுப்பு, கட்டைவிரல் கீழே, கையில் ஒன்றுமில்லை.

கமிட்டியில் ஒருவர் கைக்குட்டையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டார். இன்னொருவருக்குத் தோள் குலுங்கியது. என்ன சிரிப்பு என்று நீதிபதி அதட்டி, திரும்பிப் பார்த்தபோது வாயின் கட்டைவிரல் கவிழ்ந்த நிலையிலேயே மாட்டிக்கொண்டது.

"ஐயா குரல் ஒரே குரல் இல்லை, ரெண்டு குரல்" என்றார் பாஸ். "நல்ல கை வந்தா ஒண்ணு, பொய் சொன்னா இன்னொண்ணு. சீட்டே தெரியாத என் உதவியாளனுக்குக் கேக்குது. வலியை மறைக்கறவங்க குரலை நாள் முழுக்கக் கேக்கற பல் டாக்டருக்குக் கேக்காதா? எதிராளி குரலைக் கவனிச்சு ஆடினா அதுல தப்பில்லைன்னுதான் விதி. சொந்த ஜோடியோட குரலைக் கவனிச்சு ஆடறதுதான் தப்பு."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் பார்வை இன்சூரன்ஸ்காரர் பக்கம் போயிற்று. ஐயாவின் வெற்று ஏலத்தை நம்பி இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் ஏமாந்ததில்லை என்கிறார்களே, அது எப்படி என்று சாவகாசமாகக் கேட்டார். இன்சூரன்ஸ்காரர் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார். நீதிபதி தன் ஜோடியைப் பார்த்த பார்வையைப் பார்த்தால், பாவம், மனிதருக்கு அதுவரை எதுவுமே தெரியாது என்று புரிந்தது. தன் நேர்மையில் அவ்வளவு நம்பிக்கை வைத்தவருக்குத் தன் குரல் சோரம் போனது தெரியாமலே போயிற்று.

ஆனால் நாற்பது வருஷம் தீர்ப்புச் சொன்ன நாக்கு சும்மா கிடக்குமா? பிடித்துக்கொண்டார். மருமகன் ஏற்றியதற்குக் காரணம் கிடைத்துவிட்டது, சரி. மாமியார் தயங்கியதற்கு என்ன காரணம்? நான் ஏலம் கேட்டபோது மட்டும், அதுவும் வெற்று ஏலத்தின்போது மட்டும், அந்த அம்மாள் ஏன் தயங்க வேண்டும்? சமிக்ஞை இல்லாமல் வேறென்ன?

எல்லோரும் பாஸைப் பார்த்தார்கள். பாஸ் பேசவில்லை. வாய் பதறிப் போனான். ஜெயித்த கேஸைக் கோட்டை விடுகிறாரே என்று அருகில் போய்க் கிசுகிசுத்தான். பதில் தெரியும், ஆனால் அது தான் சொல்லக்கூடிய விஷயம் இல்லை என்று பாஸ் சொல்லிவிட்டார். நீதிபதியின் மீசைக்கு உயிர் வந்தது. ஆக, மௌனம் சம்மதம், குற்றம் உறுதி என்று ஆரம்பித்தார்.

பல் டாக்டர் எழுந்தார்.

"அத்தை மேல தப்பில்லை. நான்தான் அவங்க சீட்டை எட்டிப் பார்த்தேன். என் பேரை மட்டும் எடுத்துடுங்க" என்றார்.

குரல் ஒரு படி இறங்கியிருந்தது. ஜன்னலோரப் பழக்கத்தில் வாயின் கட்டைவிரல் தானாகவே கீழே கவிழ்ந்தது.

எதிரே உட்கார்ந்திருந்த மாமியார் மருமகனின் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சொன்னது ஒவ்வொன்றும் அந்த அம்மாள் முகத்தில் வந்து விழுந்தது தெரிந்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"உக்காருங்க மாப்பிள்ளை. செய்யாததைச் செஞ்சேன்னு சொல்ல வேண்டாம்" என்றவர் கமிட்டியின் பக்கம் திரும்பினார். "எனக்குக் காது கேக்காது. நாலு வருஷமாச்சு. எதிர்ல இருக்கறவங்க வாயைப் பார்த்துத்தான் புரிஞ்சுக்கறேன். ஐயாவுக்கு மீசை மறைக்குது. சத்தமா சொன்னா லேசா கேக்கும். மெதுவா சொன்னா ஒண்ணும் கேக்காது. அவர் என்ன கேட்டார்னு மத்தவங்க மூஞ்சியைப் பார்த்துக் கண்டுபிடிக்கறதுக்குள்ள நேரம் ஆயிடும்."

அறையில் ஊசி விழுந்தால் கேட்கும். அவருக்கு மட்டும் கேட்காது என்று நினைத்த வாய்க்கு, அந்த ஜோக்கைச் சொல்ல நாக்கு வரவில்லை. தன் தயக்கம் மருமகன் தலையில் விழும் என்று அந்த அம்மாளுக்குத் தோன்றவில்லை. மருமகன் திறமைக்கு அவரும் ஒரு திருட்டுக் காரணம் தேடியிருக்கிறார். காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை வைத்துக்கொண்டு ஒரு கிளப், ஒரு குடும்பம், ஒரு கமிட்டி எல்லாம் ஆடித் தீர்த்திருக்கின்றன.

காது கேட்கவில்லையென்றால் இன்னொரு தடவை சொல்லச் சொல்லியிருக்கலாமே, விதியில் அதற்கு இடம் இருக்கிறதே என்றார் நீதிபதி. மாமியார் அவர் மீசையைப் பார்த்துவிட்டு மகளைப் பார்த்தார். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மாவின் முகத்துக்கு நேரே நின்று, அதே கேள்வியைத் திருப்பிச் சொன்னாள்.

"ஒரு தடவை கேட்டா அது விதி. ஒவ்வொரு தடவையும் கேட்டா கிழவி" என்றார் மாமியார். "அப்புறம் யார் என்னை ஆட்டத்துக்குச் சேர்ப்பாங்க?"

தீர்ப்பு ஒத்திவைக்கப்படுகிறது என்று நீதிபதி அறிவித்தார். மிகவும் அடங்கிய குரலில் அறிவித்தார். இன்சூரன்ஸ்காரரின் கையைப் பிடித்து அடுத்த அறைக்கு அழைத்துப்போனார், கதவு சாத்தப்பட்டது. அடுத்த மாதத்திலிருந்து அட்டையில் ஏலம் கேட்பது பற்றி யோசிக்கலாம் என்று கமிட்டியில் ஒருவர் சொன்னார். மற்றவர்கள் அதைத்தான் தாங்களும் எப்போதோ சொன்னதாகச் சொன்னார்கள்.

மாமியார் குனிந்து பெட்டியை எடுத்தார். கேஸ் முடிந்ததே, இன்னும் என்ன பெட்டி என்று மகள் கையைப் பிடித்தாள். அவர் கையை விடுவித்துக்கொண்டார். திருடி என்ற பெயர் போய்விட்டது, செவிடி என்ற பெயர் வந்துவிட்டது, எல்லோரும் கத்திக் கத்திப் பேசுகிற வீட்டில் உட்கார்ந்திருக்கத் தன்னால் ஆகாது என்றார். தங்கை வீட்டுக்கே போவதாக முடிவாகச் சொன்னார்.

பல் டாக்டர் மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்தார். அவர் முகத்துக்கு நேராக வந்து நின்றார். கூட்டம் பார்க்கிறது என்ற கூச்சமெல்லாம் போய்விட்டது.

"போகாதீங்க அத்தை. எனக்கு நீங்க வீட்ல இருக்கணும்."

மாமியார் அந்த உதடுகளையே பார்த்தார். பதில் சொல்ல நேரம் ஆயிற்று. இந்தத் தடவை அவர் தயங்கியது யாருக்கும் குற்றமாகத் தெரியவில்லை.

"இதை நேத்தே சொல்லியிருக்கலாமே மாப்பிள்ளை" என்றார்.

"சொன்னேன். உங்க ரூம் கதவுக்கு வெளிய நின்னு ரெண்டு தடவை சொன்னேன். நீங்க பதிலே பேசல. என்மேல கோபம்னு நெனச்சுத் திரும்பிட்டேன்."

"கதவைத் திறந்து உள்ள வர்றதுக்கு என்ன?"

"மாமியார் ரூமுக்குள்ள எப்படி வர்றது... மரியாதையா இருக்காதுன்னு."

பெட்டி அவர் கையிலிருந்து மருமகன் கைக்கு மாறியது.

"நல்லாருக்கு உங்க மரியாதை" என்றார் மாமியார். "நீங்க அதையே பார்த்துட்டிருந்தா, நான் இன்னிக்கு ராத்திரி ரயில் ஏறியிருப்பேன்."